மூன்று கம்பி வளைந்த குடை

அவளுடைய கடை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருந்தது. கண் பரிசோதனைக்கு வந்தவர்களில் சிலர் வழி தெரியாமல் படியேறி மேலே வந்துவிடுவார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருந்த வெள்ளைச் சுவரையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியலைம்மா" என்றார். இது பச்சை குத்துகிற கடை, சுவரில் எழுத்தே கிடையாது என்று அவள் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அப்படியொரு நிம்மதியை, அவளிடம் பச்சை குத்திக்கொண்ட யார் முகத்திலும் அவள் பார்த்ததில்லை.

சுவரை வேண்டுமென்றேதான் வெறுமையாக வைத்திருந்தாள். மற்ற கடைகளில் தரையிலிருந்து கூரை வரை மாதிரிப் படங்கள் ஒட்டியிருக்கும். சிங்கம், நங்கூரம், ரோஜா, இறக்கை. "மாதிரியை மாட்டினா, ஹோட்டல் போர்டைப் பார்த்துச் சொல்ற மாதிரி எட்டாம் நம்பர் கொடுங்கன்னு கேட்பாங்க. ஒரு மணி நேரத்துல செரிச்சுப் போற விஷயமா இது?" என்பாள்.

வருகிறவரை முதலில் ஒரு மணி நேரம் பேசவைப்பாள். ஏன் வேண்டும், ஏன் இப்போது, யாருக்குக் காட்ட என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வாள். பிறகு வரைவாள். வரைந்ததைக் காட்டி, ஒரு வாரம் போய் யோசித்துவிட்டு வரச் சொல்வாள். வந்தால் குத்துவாள். முடிந்ததும் அந்தப் படத்தை அவர் கண்ணெதிரிலேயே நான்காகக் கிழித்துக் குப்பையில் போடுவாள். ஒருவருக்கு ஒன்றுதான். காதலர் பெயரோடு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு வாரத்தில் காணாமல் போனார்கள். அவர்களையும் அவள் தன்னுடைய நல்ல வேலைகளில்தான் சேர்த்துக்கொண்டாள்.

அவளுடைய அம்மா மட்டும் உறவினர்களிடம், "பொண்ணு தோல் சம்பந்தப்பட்ட வேலையில இருக்கா" என்று சொல்லிவைத்திருந்தாள். பெரியப்பா ஒருவர் முதுகு அரிப்புக்கு மருந்து கேட்டுப் போன் செய்தார். டாக்டரிடம் போங்கள் என்றாள். போனார், குணமானது. குடும்பத்தில் அவளுக்குக் கைராசிக்காரி என்று பெயர் வந்தது.

அவளிடம் போன வருடம் வந்தவர் பஸ் டிரைவர். யூனிஃபார்மோடு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு குடை வேணும் மேடம்."

"எந்த மாதிரிக் குடைண்ணே?"

"உடைஞ்ச குடை."

பதினெட்டு வருடத்துக்கு முன் அவர் பஸ்ஸில் யாரோ ஒரு குடையை விட்டுப் போனார்கள். மூன்று கம்பி வளைந்தது, கைப்பிடியில் துணிநாடா சுற்றியது. அதைச் சீட்டுக்குப் பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு, ஏறுகிறவர்களிடமெல்லாம் தூக்கிக் காட்டி "உங்களோடதா?" என்று கேட்டார். தினமும் காலையில் ஏறும் ஒரு பெண்ணிடமும் கேட்டார். இல்லை என்றாள். மறுநாள் அவளே, "குடைக்காரங்க வந்தாங்களா?" என்று விசாரித்தாள். அதற்கடுத்த நாளும் விசாரித்தாள். குடைக்கு ஆள் வரவில்லை. ஏழாவது மாதம் அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது. யாருடையதும் இல்லாத ஒரு குடை தனக்குக் குடும்பம் அமைத்துக் கொடுத்தது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குடை எந்த வீடு மாற்றத்திலோ தொலைந்துபோனது.

அவள் மூன்று நாள் உட்கார்ந்து அதைக் குத்தினாள். மூடியும் மூடாமலும், ஈரம் சொட்டுகிற மாதிரி, முன்கை முழுக்க ஒரு குடை. தான் செய்ததிலேயே அதுதான் நல்லது என்று நினைத்தாள். படத்தைக் கிழித்துப் போட்டாள்.

ஒரு வருடம் கழித்து, ஒரு காலை பதினொரு மணிக்கு, டிரைவர் மறுபடி படியேறி வந்தார். கூடவே முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரை முழங்கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

"மேடம், இதுக்கு ஒரு பதில் சொல்லுங்க" என்று அந்த ஆளின் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

அதே குடை. அதே மூன்று கம்பி.

நடந்தது இதுதான். அந்த ஆள் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றிருக்கிறார். கண்ணாடியில் குடையைப் பார்த்த டிரைவர் இரண்டு நிறுத்தங்களைக் கவனிக்காமல் தாண்டிவிட்டார். பஸ்ஸே கத்தியிருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியபின், "நீங்க மட்டும் இறங்காதீங்க" என்றிருக்கிறார். அந்த ஆள் பயந்துபோய் டிக்கெட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

"உலகத்துலயே வேற யார் கையிலயும் இருக்காதுன்னு சொன்னீங்களே மேடம்!"

அவள் அந்தக் கையை விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். ஊசியை ஆழமாக இறக்கியிருந்ததால் மை தோலுக்கு அடியில் கசிந்து, கோடுகள் ஈரத் தாளில் எழுதினாற்போல் தடித்திருந்தன. கைப்பிடியில் சுற்றிய துணிநாடா என்னவென்று குத்தியவனுக்குப் புரியவில்லை போலிருந்தது. அதைப் பாம்பாக்கியிருந்தான்.

"இது எங்க குத்தினது?"

"மார்க்கெட் பக்கம் ஒரு கடையில அக்கா. போன்ல படத்தைக் காட்டினேன். நாற்பது நிமிஷத்துல முடிச்சுட்டாரு."

"அடுத்தவங்க கையில இருக்கறதை அப்படியே எடுத்துப் போட்டுக்கறமேன்னு தோணலையா உங்களுக்கு?"

"நான் சாவி போடறவன் அக்கா. ஒண்ணைக் கொடுத்து அதே மாதிரி இன்னொண்ணு கேட்கறதுதான் எங்க தொழிலே. ஒரிஜினலைக் கேட்டு யாரும் எங்ககிட்ட வர்றதில்லை."

அவள் விளக்கைத் தள்ளிவைத்தாள்.

"படம் உங்களுக்கு எங்க கிடைச்சது?" என்று டிரைவர் கேட்டார்.

சாவிக்காரர் போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேடி எடுத்து நீட்டினார். அது அவளுடைய கடையின் இணையப் பக்கம்தான். அவளே எடுத்த புகைப்படம், அவளே எழுதிய வரி: 'உலகில் ஒன்றே ஒன்று.' அதற்குக் கீழே நாலாயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டவள், படத்தை ஊருக்கே காட்டி வைத்திருந்தாள். மூன்று பேரும் கொஞ்சநேரம் போனையே பார்த்தார்கள். அதன் வெளிச்சம் தானாக அணைந்தது.

"தப்பு என்மேலதான்" என்றாள். "உங்க குடையை நான் மாத்திக் கொடுக்கறேன். உங்களுக்குன்னு தனியா வரைஞ்சு தர்றேன். உட்காருங்க."

சாவிக்காரர் உட்கார்ந்தார். டிரைவரும் உட்கார்ந்தார், மேற்பார்வைக்கு. அவள் நோட்டைத் திறந்தாள்.

"ஏன் குடை?"

"பிடிச்சிருந்துச்சு."

"குடையோட ஏதாவது ஞாபகம்? அப்பா, அம்மா, மழை?"

"இல்லக்கா. நான் ரெயின்கோட்."

"வேற யாராவது? ஸ்கூல், முதல் வேலை, அந்த மாதிரி?"

"நல்ல குடையா நிறையப் படம் பார்த்தேன். இது ஒண்ணுதான் உடைஞ்சிருந்துச்சு. பிடிச்சிருந்துச்சு."

ஒரு மணி நேரம் முடிந்தபோது நோட்டில் 'ரெயின்கோட்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. கதையில்லாமல் ஒருவர் தோலில் கை வைப்பதில்லை என்று அவள் பதினாறு வருடமாகச் சொல்லி வந்தவள். இந்த ஆளுடைய தோலிலோ ஏற்கெனவே அவளுடைய குடை இருந்தது.

வரைந்தாள். அதே குடைதான், ஆனால் முழுக்க விரிந்தது. விரிந்த துணியின் கருப்பு, கசிந்த கோடுகளையெல்லாம் விழுங்கிக்கொள்ளும். பாம்பை எடுத்துவிடலாம் என்றாள்.

"பாம்பு இருக்கட்டும் அக்கா. ஆறு மாசமா எல்லாருக்கும் அதுக்கு விளக்கம் சொல்லிட்டேன்."

"என்ன விளக்கம்?"

"ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு."

பாம்பு இருந்தது. இருப்பதென்றால் ஒழுங்காக இருக்கட்டும் என்று அவள் அதற்குக் கண் வைத்தாள்.

யோசிக்க ஒரு வாரம் கொடுத்தாள். அவருக்கு யோசிக்க எதுவும் இருக்கவில்லை, ஆனாலும் வாரம் கழித்துத்தான் வந்தார். மூன்று நாள் வேலை. மூன்று நாளும் டிரைவர் லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். முதல் நாள் சாவிக்காரரிடம் பேசவில்லை. இரண்டாம் நாள், தன் வீட்டுப் பின்கதவுப் பூட்டு சிக்கிக்கொள்கிறது என்றார். பென்சிலைச் சீவி அந்தத் தூளைப் போடுங்கள், எண்ணெய் விடாதீர்கள் என்றார் சாவிக்காரர். அதன்பிறகு இருவரும் பூட்டுகளைப் பற்றியே பேசினார்கள். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசவேண்டியிருந்ததால் கத்திப் பேசினார்கள்.

மூன்றாம் நாள் டிரைவருடைய மனைவி வந்துவிட்டாள். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருப்பவள், அளந்து பேசுகிறவள். யாரோ ஒரு ஆளின் கையைப் பார்க்கப் புருஷன் மூன்று நாள் லீவு போட்டது அவளுக்கு உறைத்திருந்தது. நாற்காலியைச் சுற்றி வந்து, விரிந்த குடையைக் குனிந்து பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு. ஆனா வளைஞ்சது நாலு கம்பி" என்றாள்.

"மூணுதான்" என்றார் டிரைவர்.

"வெளியில மூணு. உள்பக்கம் ஒண்ணு, கைப்பிடிக்கு நேர் மேல. விரிச்சாத்தான் தெரியும்."

"நான் அதை ஒருநாளும் விரிச்சதே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

பச்சை குத்துகிறவள் மெஷினை நிறுத்தினாள். சாவிக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னோடதுதான்" என்றாள் மனைவி. "கேட்ல மாட்டி நானே வளைச்சது."

"அப்போ இல்லன்னு ஏன் சொன்ன?"

"பஸ் நிறைய ஆளுங்க. அந்தக் கோலத்துல இருக்கற குடையைக் கொடி மாதிரி தூக்கிக் காட்டி, உங்களோடதா உங்களோடதான்னு கேட்டா எவ ஆமான்னு சொல்லுவா?"

"சரி, கல்யாணத்துக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்குள்ள நீங்க யாரோடதும் இல்லாத குடைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டீங்க. கேட்கறவங்களுக்கும் பிடிச்சிருந்துச்சு. நடுவுல நான் எதுக்குக் கெடுக்கணும்?"

டிரைவர் தன் முன்கையைப் பார்த்தார். அது எப்போதும் போலத்தான் இருந்தது.

"அந்த மழைக்காலம் பூரா நீ நனைஞ்சுக்கிட்டேதானே பஸ் ஏறின?"

"பின்ன? குடைதான் உங்ககிட்ட இருந்துச்சே."

டிரைவர் எழுந்து ஜன்னலருகே போய்க் கீழே தெருவைப் பார்த்தபடி நின்றார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு வேன் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. அது நின்றபின்னும் அவர் திரும்பவில்லை. மனைவி அவர் விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

சாவிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அந்த நாலாவது கம்பியை எனக்குப் போட்டுடலாமா அக்கா?"

"உங்களுக்கு வேணாம்" என்றார் டிரைவர், திரும்பாமலே. "அது எனக்கு."

"உங்க குடை பாதி மூடித்தானே இருக்கு. உள்கம்பி எப்படித் தெரியும்?" என்றாள் பச்சை குத்துகிறவள்.

"தெரிய வேணாம். இருந்தாப் போதும்."

அவள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாரத்தை அவருக்குச் சொல்லவில்லை. சாவிக்காரரின் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக் கட்டிவிட்டு, ஊசியை மாற்றி, புதுக் கையுறை போட்டுக்கொண்டு டிரைவரை உட்காரச் சொன்னாள். படம் வரையவில்லை. குடைத்துணியின் மடிப்பில், உள்ளிருந்து ஏதோ முட்டுகிற மாதிரி ஒரு சின்ன மேட்டை, நகத்தளவுக் கோடாக வைத்தாள். எங்கே வைக்கவேண்டும் என்பதை மனைவி விரல் நீட்டிக் காட்டினாள். நான்கு நிமிடம் ஆனது. முதல் தடவை மூன்று நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தவர், இந்த நான்கு நிமிடத்துக்கு மூன்று முறை "அம்மா" என்றார்.

அவர்கள் போனபின் அவள் தன் இணையப் பக்கத்திலிருந்த குடைப் படத்தை நீக்கினாள். மற்ற படங்களையும் நீக்கினாள். அடுத்த மாதம் ஆட்கள் குறைந்தார்கள், அதற்கடுத்த மாதம் பழையபடி வந்தார்கள். மார்க்கெட் பக்கக் கடையில் எதுவும் மாறவில்லை. அங்கே வேறு இரண்டு பேர் அதே குடையைப் பாம்போடு குத்திக்கொண்டதாகச் சாவிக்காரர் வந்து சொன்னார். பாம்பு தன்னிடமிருந்து போனது என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. டிரைவர் வீட்டுப் பின்கதவுக்கு அவரே புதுப்பூட்டு போட்டுக் கொடுத்திருந்தார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் பத்திரம் எழுதுகிற ஒருவர் வந்தார். ஒரு காற்புள்ளி வேண்டும் என்றார். மணிக்கட்டின் உள்பக்கம், சின்னதாக.

"ஏன் காற்புள்ளி?"

"பிடிக்கும்."

அவள் கொஞ்சநேரம் காத்திருந்தாள். அவரும் காத்திருந்தார். நோட்டில் 'பிடிக்கும்' என்று எழுதிக்கொண்டு, ஒரு காற்புள்ளி வரைந்து காட்டி, ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னாள். சரியாக ஏழாம் நாள் வந்தார். யோசித்துப் பார்த்ததில், கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேவலை என்றார்.