ஊமைச் சம்பந்தி

"அப்பா, அவங்க போற வரைக்கும் நீங்க வாயே திறக்கக் கூடாது. தொண்டையில ஆபரேஷன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மஹ்தாப் இதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

ஷாமுராத் ஈரானின் மேற்கு மலைகளில் வாழும் லூர் இனத்துக் கொத்தனார். இஸ்ஃபஹானுக்கு வந்து முப்பது வருஷமாகியும் அவர் பேச்சில் மலைநாட்டு வாடை போகவில்லை. பெண்ணோ பள்ளிக்கூடம் போன நாள்முதல் நகரத்துப் பாரசீகம்தான் பேசுகிறாள். ஆபரேஷன் யோசனை மாப்பிள்ளை சியாமக்குடையது. "லூர்னு தெரிஞ்சா எங்கம்மா உங்க வீட்டுப் படி ஏற மாட்டா" என்றானாம். மூன்று வருஷக் காதல். தாயில்லாப் பெண்ணின் வாழ்க்கை. ஷாமுராத் சரியென்று தலையாட்டிவிட்டார்.

சியாமக், அவன் அம்மா ஃபக்ரீ, தாய்மாமன் மூவரும் பெண் கேட்டு வந்தார்கள். மஹ்தாப் டீ கொடுத்தாள். மாமன் சர்க்கரைக் கட்டியைக் கடித்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஒரு லூர்ப் பய லிஃப்டுல ஏறினானாம். செருப்பை வெளியிலயே கழட்டி வச்சுட்டுப் போனானாம்! மேல போய் எங்கடா என் செருப்புன்னு..."

ஃபக்ரீ குலுங்கிச் சிரித்தாள். சியாமக்கும் சிரித்தான், வெட்கங்கெட்டவன். அவர்களைப் பார்த்து ஷாமுராத்தும் சத்தமில்லாமல் சிரித்தார். மஹ்தாப் டீத் தட்டை டக்கென்று கீழே வைத்தாள்.

"சம்மதம்னு தலையாட்டினாப் போதும் சம்பந்தி," என்றாள் ஃபக்ரீ. "பாவம், பேச முடியாத மனுஷன்."

"எங்கப்பாவுக்குத் தொண்டையில ஒண்ணுமில்ல," என்றாள் மஹ்தாப். "அவர் லூர். நானும்தான்."

ஷாமுராத் வேண்டாம் வேண்டாமென்று கையைக் கையை ஆட்டினார். பாவி மனுஷன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஃபக்ரீ டீயை வைத்துவிட்டு எழுந்தாள். "எங்களுக்கு லூர்னா ஒரு வெறுப்பும் கிடையாதும்மா. எங்க வீட்டைக் கட்டினதே அவங்கதான். ஆனா சம்பந்தம்னு வந்தா..." கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

வாசலில் சியாமக் பல்லைக் கடித்தான். "உனக்குப் பைத்தியமா? கல்யாணம் முடிஞ்சதும் சொல்லியிருக்கலாம்ல?"

"முடிஞ்சப்புறம் எங்கப்பா எத்தனை வருஷம் ஊமையா இருக்கணும்? அதையும் சொல்லிட்டுப் போ."

அவன் அம்மாவின் பின்னால் படியிறங்கினான்.

உள்ளேயிருந்து ஷாமுராத்தின் குரல் லூரி மொழியில் வெடித்தது. "கதவச் சாத்தித் தொலை மவளே! தெருவே கேக்குது!"

மஹ்தாப் கதவை விரியத் திறந்தாள்.

"கேக்கட்டும். இன்னும் சத்தமாப் பேசுங்கப்பா," என்றாள், லூரியிலேயே.