நடை விளக்கின் கறுப்புக் கம்பி

எலக்ட்ரீஷியன் புதிய பெட்டியின் மூடியைத் திருகி முடித்துவிட்டு, வீட்டுக்காரப் பெண்ணிடம் எல்லா விளக்கையும் ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். கூடம், சமையலறை, கம்ப்யூட்டர் அறை எல்லாம் பளிச்சென்று எரிந்தன. கடைசியாக நடை விளக்கின் சுவிட்சைத் தட்டினாள். பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். மொத்த வீடும் அணைந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவள் 'தங்கச்சி'. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தபோது இடது பாதி இவளுக்கு வந்தது, வலது பாதி அக்காவுக்குப் போனது. எந்தப் பாதி யாருக்கு என்று தொடங்கிய பேச்சு வளர்ந்து, கடைசியில் பேச்சே இல்லாமல் போயிற்று. தெருக்காரர்கள் மட்டும் இன்னும் உறவு சொல்லியே இருவரையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தங்கச்சிக்கு வீட்டிலேயே வேலை. மருத்துவர்கள் பேசி அனுப்பும் குறிப்புகளை ஹெட்போனில் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். சில நாட்களில் அவள் காதில் விழும் மனிதக் குரல்கள் அவை மட்டும்தான். அவையும் யாரோ ஒருவருடைய கல்லீரலைப் பற்றிப் பேசின. அந்த வீட்டு வயரிங், நாலு பல்புக்கும் ஒரு ரேடியோவுக்கும் போட்டது. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் விரலில் எறும்பு ஊர்வது போலிருக்கும். எர்த் கம்பியே கிடையாது. ஹீட்டரைப் போட்டால் திரை கண் சிமிட்டி அணையும். இனி ஒருமுறை வேலை பாதியில் நின்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கம்பெனி தன்மையாகத்தான் சொல்லியிருந்தது. திங்கட்கிழமைக்குள் எல்லாம் சரியாக வேண்டும்.

எலக்ட்ரீஷியன் மறுபடி பெட்டியின் விசையைத் தூக்கிவிட்டார். நடை விளக்கைப் போட்டதும் மறுபடி 'டக்'.

அந்தப் பெட்டி செய்வது மிக எளிமையான வேலை. சிவப்புக் கம்பியில் போகும் மின்சாரம், விளக்கை எரித்துவிட்டு, கறுப்புக் கம்பி வழியாக அதே அளவில் திரும்பி வர வேண்டும். பெட்டி இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. கொஞ்சம் குறைந்தாலும், வழியில் எங்கோ கசிகிறது, ஒருவேளை ஒரு மனித உடம்பு வழியாகவே கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். கசிவது பெரிய பொருளிலா சிறிய விளக்கிலா என்று அது பார்ப்பதில்லை.

மற்ற கம்பிகளையெல்லாம் அவர் புதிதாக இழுத்திருந்தார். நடை விளக்கின் குழாய் மட்டும் கான்கிரீட்டுக்குள் அடைத்துக்கொண்டதால் பழையதையே விட்டுவைத்தார். இப்போது ஏணியில் ஏறி, அதன் கறுப்புக் கம்பியை விரலால் தொடர்ந்துகொண்டே போனார். கம்பி நேராக நடுச்சுவருக்குள் போய் மறைந்தது.

"பாருங்கம்மா, போறது உங்க மீட்டர்ல இருந்து போகுது, திரும்புறது அவங்க மீட்டருக்குப் போகுது. சுவர் வச்ச கொத்தனார் கம்பிய வெட்டாம சுத்திப் பூசிட்டாரு. மீட்டரப் பிரிச்சவரு சிவப்ப மட்டும் பிரிச்சுட்டுக் கறுப்ப மறந்துட்டாரு. இத்தனை வருஷமா உங்க நடைக்கு அவங்க வீட்டு வழியாத்தான் விளக்கு எரிஞ்சிருக்கு."

அவர் சிரித்தார். தங்கச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பக்கம் புதுக் கறுப்புக் கம்பி இழுப்பது சின்ன வேலை என்றார். ஆனால் பழையதன் மறுமுனையை அந்த வீட்டுக்குள் போய், அவர்கள் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் அவிழ்க்க முடியும். அவிழ்க்காமல் அந்தரத்தில் விட்டுப் போக மாட்டேன், நாளைக்கு யாராவது தொட்டுத்தொலைத்தால் பாவம் என் தலையில் என்றார். தெரியாத ஆள் நான் போய்க் கதவைத் தட்டினால் திறப்பார்களா என்றும் கேட்டார்.

தங்கச்சியின் கண் விளக்கிலேயே இருந்தது. அதற்கு அவள் 'கோபக்காரி' என்று பெயர் வைத்திருந்தாள். நன்றாக எரியும்; திடீரென்று சில நாட்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பல்பை மாற்றினாலும் எரியாது. பிறகு தானாகவே எரியும். போன மழைக்காலத்தில் வாரக்கணக்கில் எரியவில்லை. இருட்டில் தடவித் தடவி நடந்து, அவள் அதைத் திட்டாத நாளில்லை.

"அந்தப் பக்கம் மெயினை இறக்கினா இது எரியாதா?"

"எப்படிம்மா எரியும்? திரும்புற வழியே இருக்காதே."

வெளியூர் போகும்போது மெயினை இறக்காமல் அவர்கள் வீட்டில் யாரும் படி இறங்கியதில்லை. அப்பா போட்ட சட்டம் அது. இருவருக்கும் இன்னும் அதே பழக்கம்தான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலுக்கு வாசல் பத்தடி இருக்கும்.

கதவு திறக்க நேரமாயிற்று. உள்ளே முதலில் கோல் ஊன்றும் சத்தம் வந்தது, பிறகுதான் அக்கா வந்தாள். மெலிந்திருந்தாள்.

"மெயினைக் கொஞ்ச நேரம் இறக்கணும்" என்றாள் தங்கச்சி. "என் நடை விளக்குக் கம்பி உன் வீட்டுக்குள்ள வந்திருக்காம்."

"அதுவாவது வந்துச்சே" என்றாள் அக்கா.

தங்கச்சி கோலையே பார்த்தாள். "என்ன இது?"

"முட்டி. ஆபரேஷன் பண்ணாங்க."

"மழைக்காலத்துலயா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. விளக்கு சொல்லிக்கொண்டிருந்தது, இவள் பல்பை மாற்றிக்கொண்டிருந்தாள். "கூட யார் இருந்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"நர்ஸுங்க இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, மெயினை இறக்க அக்கா மெல்ல உள்ளே திரும்பினாள்.

வேலை சீக்கிரமே முடிந்தது. கறுப்புக் கம்பியை உருவி எடுத்ததும் நடுச்சுவரில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை தெரிந்தது. புதுக் கம்பியில் நடை விளக்கு எரிந்தது. பெட்டி சத்தமே போடவில்லை. இனி அக்கா வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எரியும். எலக்ட்ரீஷியன் கொஞ்சம் சிமெண்டைக் குழைத்துக்கொண்டு, ஓட்டையை அடைத்துவிடட்டுமா என்று கேட்டார்.

"இருக்கட்டும்" என்றாள்.

"பூச்சி வரும்மா."

"வரட்டும்."

திங்கட்கிழமை மாலை ஹெட்போனில் ஒரு மருத்துவர் யாருடைய நுரையீரலையோ விவரித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், விரலில் எதுவும் ஊரவில்லை. ஹெட்போனைக் கழற்றினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கோல் ஊன்றும் சத்தம் சமையலறைப் பக்கமாகப் போனது. ஏதோ பாத்திரம் உருண்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

செருப்பைத் தேடி எழுந்தபோது கோல் சத்தம் திரும்பி வந்தது, மெதுவாக, ஒவ்வொரு ஊன்றலாக. அவள் நின்றபடியே அதைக் கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.