கல் குவியலுக்கு மரியாதை

லடாக்கில் ஓடுகிற வண்டிக்கு நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன் என்றால் என் வீட்டுக்காரி மணிமொழியே நம்பமாட்டாள். வேளச்சேரிக்கு சவாரி என்றாலே சலித்துக்கொள்கிற ஆள் நான். ஆனால் நடந்தது அதுதான்.

கோட்டூர்புரத்தில் ஒரு கம்பெனி, ஆளில்லாமல் தானே ஓடுகிற வண்டி செய்கிறார்கள். மனிதன் மூச்சு விடவே சிரமப்படுகிற மலை உச்சியில், ரோடு போடுகிறவர்களுக்கு அது சாமான் ஏற்றிப்போக வேண்டும். அதற்குப் பழக்கம் வரவேண்டும் என்று கால் டாக்ஸி டிரைவர்கள் எட்டுப் பேரைப் பிடித்தார்கள். கேமரா வைத்த காரைக் கொடுத்து மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று ஒரு வருடம் ஓட்டச் சொன்னார்கள். நாங்கள் எங்கே பிரேக் போடுகிறோம், எங்கே திருப்புகிறோம் என்று கம்ப்யூட்டர் பார்த்துக் கற்றுக்கொள்ளுமாம். எட்டுப் பேரில் டில்லிபாபு ஓட்டம்தான் சுத்தம் என்று என்னுடையதையே அதிகம் எடுத்துக்கொண்டார்கள். நிரந்தர வேலை தருவதாகவும் பேச்சு இருந்தது. பன்னிரண்டு வருட கால் டாக்ஸியில் என் இடுப்பு போய்விட்டது. அந்த வேலை எனக்கு வேண்டும். ரொம்பவே வேண்டும்.

இந்த நேரம் பார்த்து லடாக்கில் வண்டி தயங்க ஆரம்பித்தது. ஆள் நடமாட்டமே இல்லாத நேர் ரோட்டில் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று நடக்கிற வேகத்துக்கு வரும். இரண்டு விநாடி கழித்து எதுவும் நடக்காத மாதிரி கிளம்பிப் போகும். அவசரத்துக்கு நிறுத்துவதற்காக வண்டிக்குள் உட்கார்ந்திருந்த கதிரேசன் தினமும் போன் போட்டுப் புலம்பினான். குளிரில் பேட்டரி படுத்துகிறது என்றார்கள். தூசி என்றார்கள். கேமராவை மாற்றிப் பார்த்தார்கள். மூன்று வாரமாக யாருக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வெள்ளிக்கிழமை வண்டியை வாங்குகிறவர்கள் அதில் ஏறிப் பார்க்கப்போகிறார்கள். அப்போதும் இப்படியே செய்தால் கம்பெனி இந்த வேலையையே மூடிவிடும், என் வேலையும் அதோடு போகும்.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். இன்ஜினியர் மதுமதி லடாக் வீடியோவைத் திரையில் ஓட்டி, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மொட்டை மலை, மொட்டை ரோடு. ஓரமாகக் கல்லை அடுக்கி வெள்ளையடித்து, உச்சியில் கலர் கலராகக் கொடி கட்டியிருந்தது. அந்த ஊர்க்காரர்கள் கும்பிடுவதாம். நான் பாட்டுக்கு நேராகப் போவேன் என்றேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நெஞ்சைத் தொட்டுவிட்டு உதட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு என் பழைய ஓட்டத்தையெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். மந்தைவெளி முக்குப் பிள்ளையார், சந்துக்குள் இருக்கிற அம்மன், லஸ் சர்ச், வழியில் வந்த ஒரு தர்கா, எதையும் நான் விட்டுவைக்கவில்லை. எல்லா இடத்திலும் இரண்டு விநாடி என் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்திருக்கிறது. நான் அப்படி ஓட்டுகிறவன் இல்லை என்று சண்டைக்குப் போனேன். மதுமதி ஒவ்வொரு கோயிலிலும் வேகம் இறங்குகிற கோட்டைத் திரையில் காட்டினாள். என் கால் செய்வது எனக்கே இத்தனை வருடம் தெரியவில்லை என்றால் வேறு என்னவெல்லாம் தெரியாமல் இருக்கிறதோ என்று பயமாகிவிட்டது.

கம்பெனிக்குப் பெரியவர் வெங்கடரமணன் சார், மயிலாப்பூர்க்காரர். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நானும் கபாலி கோயிலைத் தாண்டறச்சே கன்னத்துல போட்டுப்பேன், டில்லி" என்றார். "ஆனா வண்டி போட்டுக்கப்படாது."

அதே தெருக்களில் மறுபடி ஓட்ட வேண்டும், கோயிலைக் கண்டால் காலை எடுக்கக் கூடாது என்று ஏற்பாடாயிற்று. இரண்டு நாள் ஓட்டினேன். பிள்ளையார் வரும்போது கால் தானாக எழும்பப் பார்க்கும், பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவேன். கல்யாண வீட்டில் சொந்தக்காரனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நழுவுகிற கூச்சம் இருந்தது. நிரந்தர வேலை, நிரந்தர வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய ஓட்டத்தில் அந்த இடங்களை வெட்டிவிட்டு இதை ஒட்டி, புதன்கிழமை சாயங்காலம் லடாக் வண்டிக்கு ஏற்றிவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை, லடாக் ஓட்டம் அப்போதைக்கப்போது தெரிகிற திரைக்கு முன்னால் நானும் மதுமதியும் வெங்கடரமணன் சாரும் உட்கார்ந்திருந்தோம். முதல் கல் குவியலை வண்டி சட்டையே செய்யாமல் தாண்டியது. மதுமதி கை தட்டினாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது குவியலை யாரோ ஒருவர் சுற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். குவியல் மறைத்ததில் அவர் இருப்பதே தெரியவில்லை. குனிந்த தலையோடு பின்னாலிருந்து வந்து ரோட்டில் கால் வைத்தார். வண்டி அவரைப் பார்த்தது, ஆனால் பார்த்தபோது தூரம் போதவில்லை. கதிரேசன் சிவப்புப் பொத்தானை அடித்தான். வண்டி சறுக்கிக்கொண்டு போய் அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏதோ திட்டிவிட்டு மலைப்பக்கம் ஏறிப்போனார். கதிரேசன் போனில் வந்தான்.

"அண்ணே, பழைய மாதிரி இருந்தா இது முன்னாடியே தயங்கியிருக்கும்ணே."

எங்கேயோ இருக்கிற ஒரு மனிதனை, கோட்டூர்புரத்தில் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு நான்தான் அடிக்கப் பார்த்தேன் என்று தோன்றியது.

வெங்கடரமணன் சார் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நீங்கள் சாமிக்காக மெதுவாகப் போனீர்களா, ஆள் வரும் என்று மெதுவாகப் போனீர்களா என்று கேட்டார். ஆளுக்காக என்றால் அதை மட்டும் வண்டிக்குச் சொல்லிக்கொடுக்கலாம், சாமிக்காக என்றால் விட்டுவிடலாம் என்றார். நியாயமான கேள்விதான். பிள்ளையாரைச் சுற்றுகிறவர்கள் சுற்றுகிற வேகத்தில் ரோட்டுக்கு வந்துவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டே பின்னால் நகர்வார்கள். செருப்பைத் தேடி நடு ரோட்டில் நிற்பார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கோயில் பூட்டியிருக்கிற மத்தியானத்திலும் கால் எழுந்திருக்கிறதே.

"தெர்ல சார்" என்றேன். "அங்க யாரோ கீறாங்கன்னுதான் காலு எழுந்துக்குது. அது சாமியா மனுசனான்னு பிரிச்சி எட்த்துக் குடுக்க எனக்கு வர்ல. பழசையே போட்டுடுங்க."

"நாளைக்கு அவா ஏறறச்சே வண்டி தயங்குமே."

"தயங்கட்டும் சார்."

சார் மதுமதியிடம் பழையதையே ஏற்றச் சொன்னபோதுதான் நிரந்தர வேலை ஞாபகத்துக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை வாங்குகிறவர்கள் மூன்று பேர் ஏறினார்கள். முதல் குவியலில் வண்டி தயங்கியது. பின்னால் யாரும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரே ஒரு ஆளாவது குறுக்கே வரமாட்டானா என்று கையைக் கட்டிக்கொண்டு வேண்ட ஆரம்பித்தேன். வேண்டிக்கொண்டிருக்கும்போதே வெட்கமாகிவிட்டது. எனக்கு வேலை கிடைக்க ஒரு மனிதன் வண்டிக்கு முன்னால் வந்து விழ வேண்டுமா? எந்தச் சாமியிடம் போய் இதைக் கேட்பது?

ஐந்தாவது குவியல் தாண்டியதும் அவர்கள் வண்டியைத் திருப்பச் சொன்னது எங்களுக்கும் கேட்டது. காரணமில்லாமல் தயங்குகிற வண்டி வேண்டாமாம். வெங்கடரமணன் சார் எழுந்து என் தோளைத் தட்டிவிட்டு வெளியே போனார். மதுமதி லேப்டாப்பை மூடினாள். நான் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. அழுகை வந்தது. அது துக்கத்திலா வேறு எதிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாருமே இல்லாத அந்த ரோட்டில் திரும்பி வந்த வண்டி, ஒவ்வொரு குவியலிலும் தயங்கிப் பார்த்துவிட்டுத்தான் தாண்டியது.