முதுகு வளர்ந்த மிக் விமானம்

மெர்லினுக்கும் ரெக்ஸுக்கும் கோயிலில் முதல் கல்யாண ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, ராயப்பன்பட்டி அருங்காட்சியகத்தில் நிற்கும் மிக் விமானத்தின் முதுகு ஒரு சாண் உயர்ந்திருந்தது. அந்த வாரம் பன்னீர் திராட்சை விலையும் உயர்ந்திருந்ததால் ஊரில் திராட்சையைத்தான் பேசினார்கள்.

விமானத்துக்கு முன்பே கல்வெட்டு வந்துவிட்டது. ராயப்பன்பட்டியில் எதைத் திறந்தாலும் அப்படித்தான். யார் பெயருக்கு மேல் யார் பெயர் என்பது முடிவாகாமல் செங்கல்கூட இறங்காது. விமானப்படை ஸ்டோர்ஸில் திருகாணி எடுத்துக் கொடுத்து ஓய்வுபெற்ற, ஊருக்கெல்லாம் ஏர்போர்ஸ்காரரான சின்னப்பராஜ், வரப்போவது ‘மிக்-21 பிஸ்’ என்றார். அதையே வெட்டி, ‘அடையாளம் கண்டவர்’ என்று அவர் பெயரையும் பொறித்தார்கள். லாரியில் வந்து இறங்கியதோ எஃப்எல் என்னும் பழைய ரகம். இதைக் கண்டுபிடித்தவன் அவருடைய மகள் மெர்லினைக் கட்டப்போகிற ரெக்ஸ். உத்தமபாளையத்தில் பாலிடெக்னிக் வாத்தியார். பிஸ் என்றால் முதுகு தடித்திருக்கும், வயிற்றில் பீரங்கி இருக்கும், மூக்குக் குழாய் வலப்பக்கம் தள்ளியிருக்கும், இதில் ஒன்றுமே இல்லை என்று, கல்யாணத் தேதி பேச வந்த இடத்தில் காபி ஆறுகிறவரை விளக்கினான்.

கல்லை மாற்றினால் பெயர் வரிசைச் சண்டை மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று அருங்காட்சியகக் கமிட்டி பயந்தது. சின்னப்பராஜ் பயப்படவில்லை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றுதானே மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கிறார்கள்? மூன்றாவது ஓலைக்குள் மாப்பிள்ளை பேச்சை வாபஸ் வாங்காவிட்டால், தானே எழுந்து தடை சொல்லப்போவதாக அறிவித்தார். என்ன தடை என்று மனைவி செலின் கேட்டதற்கு, மாப்பிள்ளைக்குக் கண் சரியில்லை என்றார்.

பார்த்ததை மாற்றிச் சொல்ல ரெக்ஸுக்கு வரவில்லை. விமானத்துக்கு வந்தது. முதுகு உயர்ந்த மறுவாரமே வயிற்றில் பீரங்கி முளைத்து, நிழலுக்காக அடியில் ஸ்கூட்டர் நிறுத்துகிறவர்களின் தலையில் இடித்தது. மூன்றாம் ஞாயிறு காலை, மூக்குக் குழாய் மெதுவாக நகர்ந்து வலப்பக்கம் போய் நின்றது. பார்த்தவர்கள், பூசைக்கு நேரமாகிறதென்று நடையைக் கட்டினார்கள்.

ரெக்ஸ் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவந்து நியாயமாக ஒத்துக்கொண்டான். “இப்ப இது பிஸ்தான், மாமா.”

“இப்ப என்ன இப்ப? எப்பவுமே பிஸ்தான்னு சொல்லுங்க மாப்ளே.”

“வந்தப்ப எஃப்எல் மாமா. போட்டோ இருக்கு.”

“போட்டோவையா கட்டிக்கப் போறீக?” என்றாள் மெர்லின். “அம்புட்டுப் பெரிய விமானமே விட்டுக்குடுத்து நிக்கிது. உங்களுக்கென்ன?”

ரெக்ஸ் போனைப் பைக்குள் போட்டான். “எப்பவுமே பிஸ்தான், மாமா.”

மூன்றாவது ஓலை வாசித்து முடித்தபோது சின்னப்பராஜ் எழுந்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது. கால் மரத்துப்போனதாகச் சொல்லி உட்கார்ந்தார்.

மறுநாள் கல்யாணக் கோட்டைப் போட்டுப் பார்க்க ரெக்ஸை அழைத்த தையல்காரர், போன மாதம் எடுத்த அளவுக்கு மாப்பிள்ளையின் முதுகு ஓர் அங்குலம் குறைகிறது என்றார். மாப்பிள்ளைகளுக்கு அப்படி ஆவதுண்டு என்றாள் செலின். தையல்காரர் துணியைக் கொஞ்சம் உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.