பின் இருக்கைக்கு உள்ள தூரம்

அந்த மாடல் காரில், வாங்கிய இரண்டாம் ஆண்டிலிருந்து, பின் இருக்கை முன் இருக்கையை விட்டு விலகிப் போனது. வெளியே அளந்தால் பம்பர் முதல் பம்பர் வரை கையேட்டில் அச்சிட்ட நீளம்தான். உள்ளேதான் கூடியது, முதலில் ஒரு சாண், அடுத்த ஆண்டு ஒரு கட்டில் நீளம், அதற்கடுத்த ஆண்டு ஒரு பள்ளிக்கூட வராந்தா. வண்டியில் வேறு குறைகளும் இருந்தன. மூன்றாவது கியருக்கு மாறும்போது ஒரு குலுக்கல், மழைக்காலத்தில் டாஷ்போர்டின் நடுத்திரை கறுத்துப் போவது, ஓட்டுபவர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிடுவது, நாற்பதாயிரம் கிலோமீட்டரில் கதவோரம் பெயின்ட் கொப்புளிப்பது. உரிமையாளர்கள் புகார்ப் படிவத்தில் இவற்றை எழுதிவிட்டு, கடைசி வரியில், பின் இருக்கை தூரமாக இருக்கிறது என்றும் எழுதினார்கள். மறுவிற்பனை விலை பெரிதாக இறங்கவில்லை. மைலேஜ் நன்றாக இருந்தது.

சர்வீஸ் சென்டரில் வண்டியை ஆளில்லாமல்தான் சோதிப்பது வழக்கம். உரிமையாளரைக் காத்திருக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டு, மெக்கானிக் பின்கதவைத் திறந்து டேப் பிடிப்பார். அளவு சரியாக இருக்கும். குடும்பம் உள்ளே ஏறி, கதவை மூடி, வண்டி நகர்ந்தால்தான் அந்தக் குறை வரும். குடும்பத்தை ஏற்றிச் சோதிக்கச் சொல்லி விதி எதுவும் இல்லை. ஆகவே ஆறு ஆண்டுகள் எல்லாப் படிவங்களிலும் ‘சொன்ன குறை காணப்படவில்லை’ என்ற முத்திரை விழுந்தது. முத்திரை குத்திய அம்மாளிடமும் அதே கார்தான் இருந்தது. தன் படிவத்திலும் அவரே குத்திக்கொண்டார்.

மக்கள் பழகிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீர் பாட்டிலையும் பிஸ்கட்டையும் ஏறும்போதே கொடுத்துவிட்டார்கள். சிலர் முன்னிருந்து பின்னுக்கு போன் போட்டுப் பார்த்தார்கள். மணி அடித்தது, எடுத்தால் இரைச்சல்தான். ஐந்தாம் ஆண்டில் குரல் தாமதிக்கத் தொடங்கியது. முன்னால் இருப்பவர் பேசியது பின்னால் உடனே கேட்டது. பின்னால் இருப்பவர் பேசியதுதான் நேரம் எடுத்தது. மாமியாரை ரயிலேற்றிவிட்டுத் தனியாகத் திரும்பிய வங்கி ஊழியர் ஒருவர், “மாப்ள, இந்தப் பக்கம் போனா சிக்னல் அதிகம்” என்ற குரல் கேட்டு வண்டியை இடப்புறம் திருப்பியதாகவும், மாமியார் ரயிலேறியும் தன்னை விட்டபாடில்லை என்று சர்வீஸ் சென்டரில் சொன்னதாகவும் பதிவு இருக்கிறது.

இந்தக் காரை வைத்திருந்தவர்களில் ஒருவர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபது ஆண்டுகளாக, மூச்சை இழுத்துப் பிடிக்க ஒரு முறைதான் சொல்வார்; இரண்டாம் முறை சொன்னால் நோயாளி அசைந்து படம் கெட்டுவிடும். வீட்டிலும் அப்படியே. ஒரு கேள்வியை ஒரு முறைதான் கேட்பார். அவர் மனைவி வேறு நகரத்தில் வேலை கிடைத்துப் போனார்; எட்டு மாதம் கழித்து, இனி அங்கேயே இருக்கப்போவதாகத் தெரிவித்தார். சண்டை எதுவும் நடக்கவில்லை. பாத்திரங்களைக்கூடப் பிரித்துக்கொள்ளவில்லை. பதின்மூன்று வயது மகள் யாருடன் இருப்பது என்பது மட்டும் பாக்கி. அதை அவளே சொல்லட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். கேட்பது அப்பாவின் பொறுப்பு என்றானது.

வீட்டில் அவள் அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். பள்ளிக்குப் போகும் இருபத்தைந்து நிமிடம்தான் இருவரும் சேர்ந்து இருந்த நேரம். ஒரு செவ்வாய்க்கிழமை, மேம்பாலம் ஏறும்போது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியத்தில் அவர் கேட்டார். “அம்மா இனி அங்கதான் இருப்பாங்க. நீ யார்கூட இருக்க?” கண்ணாடியில் அவள் கட்டைவிரல் அளவு தெரிந்தாள். உதடு அசைந்ததா இல்லையா என்று அந்தத் தூரத்தில் சொல்ல முடியவில்லை. அப்போது அவர் கணக்கில் தாமதம் பதினோரு நிமிடம். அவர் ரேடியோவை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். பள்ளி வாசல் வந்தது, குரல் வரவில்லை. அந்த வாரம் எல்லாக் கார்களிலும் தாமதம் தாறுமாறாகக் கூடியிருந்தது. அது பிறகுதான் தெரிய வந்தது. மகள் இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் வந்து நின்றாள். இரண்டடி தூரம். அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாளா என்று கேட்டார். எடுத்துக்கொண்டதாகச் சொன்னாள். மேலும் பத்து நாட்கள் அந்தக் காரில் பள்ளிக்குப் போனாள். பிறகு அம்மாவிடம் போய்விட்டாள்.

ஓராண்டு ஓடியது. அவர் தனியாக மருத்துவமனைக்குப் போய் வந்தார். பள்ளிக்கு வேண்டிய சான்றிதழ் ஒன்றுக்காக மனைவி போன் செய்தபோது, பேச்சுவாக்கில், “அவ சொன்னதுக்கு நீங்க ஒரு வார்த்தை பேசலையாமே” என்றார். என்ன சொன்னாள் என்று இவர் கேட்டதற்கு, உங்களுக்குத் தெரியாததா என்று போனை வைத்துவிட்டார். மகளிடமே கேட்டிருக்கலாம் என்று பலரும் பின்னாளில் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து காரில் ரேடியோ போடுவதை விட்டார். கேள்விக்கு முந்தைய நாட்களில் மகள் பாடம் ஒப்பித்தது அவ்வப்போது வந்துகொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பின் இருக்கை விலகாமல் இருக்க, அதன் அடியில் உள்ள தண்டவாளத்தை இலவசமாக மாற்றித் தருவார்கள். மாத முடிவுக்குள் வராதவர்களுக்குப் பிறகு கிடையாது. அவர் சர்வீஸ் சென்டருக்குப் போய், மாற்றினால் ஏற்கெனவே பேசியது என்ன ஆகும் என்று கேட்டார். முத்திரை குத்தும் அம்மாள் பேனாவை மூடினார்.

“இன்னும் வந்து சேராத பேச்சு எதுவும் மிஞ்சாது சார். என் வண்டில மாத்தியாச்சு. வீட்டுக்காரர் சொன்னது வந்து சேர இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி இருந்துச்சு. போகட்டும்னு விட்டுட்டேன்.”

அவர் மாற்ற வேண்டாம் என்றார். படிவத்தில் ‘உரிமையாளர் விருப்பப்படி குறை அப்படியே விடப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மாதம் முடிந்தது.

பதில், கேட்ட நாளிலிருந்து பதினான்கு மாதம் கழித்து, காலை எட்டே காலுக்கு, ஒரு பெட்ரோல் பங்க் வரிசையில் வந்தது. “உன்கூடவே இருக்கேன்ப்பா. ஏசியைக் கொஞ்சம் குறையேன்.” அவர் ஏசியைக் குறைத்தார். பின்னால் ஹாரன் அடித்தார்கள். மறுநாள் அதே நேரத்துக்கு, “நேத்து சொன்னது கேட்டுச்சா?” என்று வந்தது. அதற்கு அடுத்த நாள், “சரி, விடு.” மீதி நாட்களில் எதுவும் வரவில்லை, அவள் பேசியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மகளுக்கு போன் செய்து, பதில் இந்த வாரம்தான் வந்தது என்றார்.

“எது, அதுவா?”

“ஆமா. ஏசியைக் குறைச்சிட்டேன்.”

அவள் கொஞ்சம் சிரித்தாள். புதுப் பள்ளியில் செட்டாகிவிட்டதாகவும், பரீட்சை வருவதாகவும், லீவுக்கு வருவதாகவும் சொன்னாள்.

வந்தாள். வளர்ந்திருந்தாள். ரயில் நிலைய வாசலில் அவர் முன்கதவைத் திறந்து வைத்திருந்தார். அவள் பெட்டியை அந்த இருக்கையில் வைத்துவிட்டுப் பின்னால் ஏறினாள்.

“முன்னாடி உக்காரலாமே.”

“இங்கயே இருக்கேன்ப்பா. நான் ஊருக்குப் போனதுக்கப்புறம் நீ தனியாத்தானே ஓட்டுவ, அப்ப கேட்டுக்க.” கதவை மூடும் முன் சொன்னாள்.

அந்த லீவில் அவர்கள் தினமும் ஒரு மணி நேரம் ஊரைச் சுற்றினார்கள். அவள் நிறையப் பேசினாள் என்பது, அவள் கை ஆடுவது கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்ததிலிருந்து விளங்கியது. அவர் ரேடியோ போடவில்லை. அவ்வப்போது தலையாட்டிக்கொண்டு, மெதுவாகவே ஓட்டினார்.