களை வாசனைக்கு ஆறு மதிப்பெண் குறைவு

மெர்வினின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தென்கடற்கரைப் பக்கத்து வெண்ணெய் ஆலைகளில் நாற்பது வருடம் தரம் பார்த்த மூக்கு அது. வெண்ணெய்ப் பெட்டிக்குள் நீளமான குடைகோலைச் செருகி, ஒரு திருகு திருகி இழுத்து, அதில் ஒட்டி வருவதை மூக்கடியில் ஓட்டினான் என்றால், மாடு எந்த வேலியோரம் மேய்ந்தது, எந்தக் களையைத் தின்றது, கறந்தவன் அன்று காலையில் பெண்டாட்டியோடு சண்டை போட்டானா என்பது வரைக்கும் சொல்லிவிடுவான். கடைசியில் சொன்னது கொஞ்சம் கூடுதல். மற்றதெல்லாம் உண்மை.

அந்த மூக்குக்குக் கீழே இருந்த வாய்தான் இப்போது மூடிக்கொண்டுவிட்டது. குடலில் கட்டி. மருந்து ஏற்றுகிறார்கள். மருந்து கட்டியைத் தின்கிறதோ இல்லையோ, மெர்வினின் பசியைத் தின்றுவிட்டது. பக்கவாட்டில் திரும்பி நின்றால் ஆளைக் காணோம் என்று தேட வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸ் டாம்சின் போன புதன்கிழமை எடை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அடுத்த புதன்கிழமையும் எடை இறங்கியிருந்தா, ஆஸ்பத்திரிதான் மெர்வின். மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு."

"என் மூக்குலயா?" என்றான் மெர்வின்.

எங்கள் கான்பெராவில் ஆளுக்கு இரண்டு கஞ்சாச் செடி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. மெர்வினின் மனைவி நோலீன் தக்காளிப் பாத்திக்கு நடுவில் இரண்டு வைத்திருந்தாள். கோடையில் அது வளர்ந்த வளர்த்திக்கு, விமான நிலையத்திலிருந்து யாராவது வந்து உச்சியில் சிவப்பு விளக்குக் கட்டச் சொல்வார்களோ என்று பக்கத்து வீட்டுக்காரன் நான் பயந்துகொண்டிருந்தேன். கோடை முடிந்து ஏப்ரலில் அறுத்து, கார் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்திருந்தாள். பசி எடுக்க வைக்குமாம். டாம்சின் டாக்டரிடமே கேட்டுவிட்டு வந்தாள். "வெண்ணெய்ல போட்டுக் குடுங்க. பட்டாணி அளவு, ஒரே தடவை. ஒண்ணுமே ஆகலியேன்னு இன்னொரு தடவை குடுத்துடாதீங்க. ரெண்டு மணி நேரம் பொறுத்துத்தான் வேலை செய்யும்."

சனிக்கிழமை காலை நோலீன் வேலியோரம் வந்து என்னைக் கூப்பிட்டாள். "கிளைவ், சும்மாதானே இருக்கே? வந்து கிண்டு."

முப்பது வருடம் பஸ் ஓட்டியவன் நான். கிண்டுவது ஒன்றும் பெரிய வேலையாகத் தெரியவில்லை. வாணலியில் வெண்ணெயைப் போட்டோம். இலையையும் மொட்டையும் நசுக்கிப் போட்டோம். சீக்கிரம் ஆகட்டுமே என்று அடுப்பைப் பெரிதாக வைத்தோம். ஐந்து நிமிடத்தில் ஒரு வாசனை வந்தது பாருங்கள்! எரிமலை வாயில் யாரோ புல்லுக்கட்டைப் போட்டது போல. நான்கு தெரு தள்ளியிருந்த நாய்கள் குரைத்தன.

படுக்கையறையிலிருந்து ஒரு கர்ஜனை. "எந்தப் பாவிடா அது வெண்ணெயைக் கருக்கறது?"

மூன்று வாரமாக அந்த வீட்டில் முணுமுணுப்புக்குமேல் சத்தமே கேட்டதில்லை. நோலீன் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"நான்தான்டா, கிளைவ்," என்றேன்.

"உன்னை பஸ்ஸை விட்டு இறங்கவிட்டதே தப்பு!"

எப்படியோ பழைய காலுறை ஒன்றில் ஊற்றி வடிகட்டினோம். துவைத்த காலுறைதான். வந்தது ஒரு பழுப்புப் பச்சைக் குழம்பு. நோலீன் அதைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் அவன் மூக்கருகில் நீட்டினாள். மெர்வின் ஒரு முறைதான் முகர்ந்தான்.

"கருகல். மோர் சரியாப் பிரியல. அதுக்கும் மேல களை வாசனை. நாப்பது வருஷம், களை வாசனை அடிச்சா பெட்டியோட திருப்பி அனுப்பினவன் நான். நீங்க என்னடான்னா களையைத் தேடிப் பிடிச்சு வெண்ணெய்ல போடறீங்க. மூணாந்தரம். கேக் கடைக்காரன்கூட வாங்க மாட்டான்."

"மூணாந்தரமோ முப்பதாந்தரமோ, பட்டாணியளவு தின்னேன் மெர்வ்," என்றாள் நோலீன்.

"மாட்டேன். என்னைத் தூக்கி உட்கார வை."

உட்கார வைத்தோம். நிற்க வைக்கச் சொன்னான். கைத்தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்கு நடந்தே வந்தான். பதினேழு அடி. நான் பிறகு அளந்து பார்த்தேன். அந்த நடைக்கு அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் சிட்னிக்குப் போய்த் திரும்பியிருப்பேன்.

முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் ஆரம்பித்தான். "அடுப்பை அணை. சட்டியைக் கழுவு. அந்தக் காலுறையைக் குப்பையில போடு, என் கண்ணுல படக்கூடாது."

இலையை முதலில் ஓவனில் இளஞ்சூட்டில் வாட்ட வேண்டும் என்று என் கைப்பேசி சொன்னது. "உன் கைப்பேசி வெண்ணெய் ஆலையில வேலை பாத்துதா?" என்று கேட்டான். பிறகு யோசித்து, "சரி, இலை விஷயம் அதுக்குத் தெரிஞ்சிருக்கும். வெண்ணெய் விஷயத்துல அது வாயை மூடிட்டு இருக்கட்டும்," என்றான்.

இந்தத் தடவை சட்டியில் வெண்ணெயோடு தண்ணீரும் ஊற்றினோம், அடி பிடிக்காமல் இருக்க. கொதிக்கவே கூடாது, அசைய வேண்டும் அவ்வளவுதான் என்றான். மூன்று மணி நேரம். நடுவில் நான் கரண்டியை நக்கிவிட்டேன். கடைசி முக்கால் மணி நேரம் ஜன்னல் வழியே எங்கள் வீட்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அழகான வேலி. அதற்கு முன் ஒருநாளும் நான் அதைச் சரியாகப் பார்த்ததே இல்லை.

"இவனை உக்காரச் சொல்லு நோலீன்," என்றான் மெர்வின். "வேலிக்கு வெக்கமா இருக்கும்."

மெல்லிய துணியில் வடிகட்டிக் குளிர்பெட்டியில் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்தபோது தண்ணீர் அடியிலும் வெண்ணெய் மேலே வட்டத் தகடாகவும் நின்றது, இளம்பச்சையாக. மெர்வின் அதைக் குளிர்ந்த தண்ணீரில் இரண்டு முறை அலசச் சொன்னான். பிறகு மரக் கரண்டி இரண்டைத் தானே வாங்கி, அழுத்தி அழுத்தி, உள்ளேயிருந்த கடைசித் துளி நீரையும் வெளியேற்றினான். உப்பு போட்டான். கத்தி நுனியால் கொஞ்சம் குடைந்தெடுத்து முகர்ந்தான். நாக்கில் வைத்தான். கண்ணை மூடினான்.

எழுந்து போய்த் தொட்டியில் துப்பினான்.

"அடப்பாவி!" என்று அலறினாள் நோலீன்.

"என்ன கத்தறே? தரம் பாக்கறவன் முழுங்கலாமா? ஒரு நாளைக்கு எண்பது பெட்டி. முழுங்கியிருந்தா முப்பது வயசுலயே போயிருப்பேன்." வாயைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். "வெண்ணெயோட உடம்பு நல்லா இறுகியிருக்கு. உப்பு சரி. நிறத்துக்கு நாலு கழிச்சாச்சு. களை வாசனைக்கு ஆறு. ஆக மொத்தம் நூத்துக்குத் தொண்ணூறு. ரெண்டாந்தரத்துல உச்சம். கேவலமா இல்ல."

அவ்வளவுதான். அவனைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. கைத்தடியைத் தேடினான், படுக்கப் போக.

நான் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். "இது பிடிக்கலேன்னா விடு, எங்க வீட்டுல மார்ஜரின் இருக்கு, கொண்டு வரேன்," என்றேன். எண்ணெயில் செய்கிற போலி வெண்ணெய் அது. அந்தச் சொல்லை அந்த வீட்டில் உச்சரித்தவர்கள் யாரும் மறுபடி உள்ளே வந்ததில்லை. அதற்குக்கூட அவன் அசையவில்லை. களைத்துப்போயிருந்தான்.

நோலீன் ஒரு ரொட்டித் துண்டை வாட்டினாள். பட்டாணியளவு வெண்ணெயை எடுத்து ஓரம் வரைக்கும் தடவினாள். அவன் எதிரில் வைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

"நாப்பது வருஷமா நீ துப்பினது எல்லாம் ஊரார் வெண்ணெய். இது நம்ம வீட்டு வெண்ணெய். நான் கேட்டது மதிப்பெண் இல்ல மெர்வ். என்கூட உக்காந்து சாப்பிடு."

மெர்வின் ரொட்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். நான் வேலியைப் பார்த்தேன். திரும்பியபோது அவன் மென்றுகொண்டிருந்தான். தொண்டை ஏறி இறங்கியது.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, கடிகாரம் இன்று மரியாதையாக ஓடுகிறது என்றான். பிறகு, "முந்தாநாள் ஆட்டுச் சாப்ஸ் வாசனை வந்துதே, அதுல ஏதாவது மிச்சம் இருக்கா?" என்றான். இரண்டு சாப்ஸ், ஒரு உருளைக்கிழங்கு, மேலே என்னுடைய பிஸ்கட். ஒரு முழு ஆட்டையே தின்றான் என்றுதான் நான் தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். நோலீன் குளிர்பெட்டியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"என்ன தேடறே?" என்றான் மெர்வின்.

"முட்டை," என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

புதன்கிழமை டாம்சின் எடைக்கருவியோடு வந்தாள். மெர்வின் ஏறி நின்றான். அவள் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அறுநூறு கிராம் கூடியிருக்கு. குழாய் வேண்டாம்."

நோலீன் கைதட்டினாள். மெர்வின் இறங்கவில்லை.

"போன வாரம் ஸ்வெட்டர் இல்லாம நின்னேன்," என்றான். "இன்னிக்குப் போட்டிருக்கேன். இந்த எடை செல்லாது."

"மெர்வ், வாயை மூடிட்டு இறங்கு!" என்றாள் நோலீன். நானும் கண்ணால் கெஞ்சினேன்.

"தரம்னா தரம்தான்." ஸ்வெட்டரைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். செருப்பையும் உதறினான். எலும்புக்கூடு மாதிரி மறுபடி ஏறி நின்றான்.

டாம்சின் இரண்டு முறை குனிந்து பார்த்தாள். "அப்பவும் நூறு கிராம் கூடியிருக்கு."

"எழுதிக்கோ," என்றான் மெர்வின். "நோலீன், ரொட்டி வாட்டு."