சிவப்புப் பூச்சு

எனக்குப் பொறுமை கிடையாது. பூந்தமல்லி டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக உட்கார்ந்தவனுக்கு அது எங்கிருந்து வரும்? யுத்தத்தால் சீமைச் சரக்கெல்லாம் நின்றுபோனது. குளிர் ஜுரத்துக்கான கொய்னா மருந்துத்தூள் எப்படியோ வந்தது. மாத்திரைக்கு மேலே பூசும் சிவப்புப் பொடிதான் வரவில்லை. போகட்டும், அது மருந்தா என்ன? இரும்புத் துருவின் ஜாதி, வெறும் நிறம். மாத்திரையை வெள்ளையாகவே உருட்டிக் கொடுத்தேன்.

வந்தது வினை. குளிர் ஜுரத்துக்குச் சிவப்பு மாத்திரைதான் என்று ஊர் முடிவு செய்து வெகுகாலமாகிறது. வெள்ளையை ஒருவரும் விழுங்கவில்லை.

சென்னீர்குப்பத்திலிருந்து நாகம்மாள் வந்தாள். புருஷன் எத்திராஜுக்குக் குளிர் ஜுரம், படுத்த படுக்கை. மாத்திரையைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். நல்லதை ஆவடிப் பட்டாளத்துக்கு ஒளித்துவைத்திருக்கிறேனா என்று கேட்டாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"உன் ஊட்டு செவுத்துல பட்டை அடிக்கிறியே காவி, அதாம்மா அந்தச் செவப்பு. வேற ஒண்ணும் இல்ல."

அவள் யோசனையோடு மாத்திரைகளை முடிந்துகொண்டு போனாள். அப்பாடா, ஒருத்திக்காவது புரிந்ததே என்றிருந்தது.

அந்த வாரமே அழுதுகொண்டு ஓடிவந்தாள். ஜுரம் இறங்கவில்லை, ஆள் பிழைப்பானா என்றே தெரியவில்லை என்றாள். மாத்திரை கொடுத்தாயா என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். அத்தனையும் அப்படியே இருந்தன.

"நீதானே பாய் சொன்னே, செவப்புன்னா காவின்னு. அத்தத்தான் கரைச்சிக் குடுத்துகினு கீறேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். திட்ட வாயெடுத்தவன் அவள் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் காவி. எனக்கே அழுகை வந்துவிட்டது.

இனி விளக்க நேரமில்லை. கடைத்தெருவில் காவிக்கட்டி வாங்கி இழைத்து, துணியில் வடிகட்டி, அவள் திருப்பிக் கொண்டுவந்த அதே மாத்திரைகளை உள்ளறையில் அதில் உருட்டிக் காயவைத்தேன். பட்டாளத்து மாத்திரை, யாரிடமும் மூச்சு விடாதே என்று சொல்லிக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள்.

எத்திராஜ் பிழைத்தான். நடமாட்டம் வந்ததும் இருவரும் ஒரு பூசணிக்காயோடு வந்தார்கள். மனசு குளிர்ந்தது. எத்திராஜ் வாசலுக்கு நகர்ந்ததும் நாகம்மாள் குரலைத் தாழ்த்தினாள்.

"மொதல்லயே இத்தக் குடுத்திருந்தா அந்தாளு இந்தப் பாடு பட்டிருக்குமா? உனக்கு மனசே இல்ல பாய்."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால், அடுத்த ஜுரத்துக்கு மறுபடியும் காவி கரைப்பாள்.

"தப்புதாம்மா" என்று சொல்லிவிட்டுப் பூசணிக்காயை வாங்கிக்கொண்டேன்.